அன்பின் பேரில் எழுதிய பத்திரம்

போன ஐப்பசியில் பெரிய அத்தையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டை மகன் பேருக்கு செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் குடும்பத்துக்குள் சொத்தைக் கொடுக்கும் பத்திரம்) எழுதினார். பத்திரம் எழுதுபவர் மூச்சு விடாமல் வாசித்தார். "இதை எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை" என்ற வரி வந்தபோது, "புரிஞ்சுதா அத்தை?" என்றேன். "எம்புள்ளைக்குத்தானே எழுதறேன், இதுல புரிய என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு ரேகை வைக்கப் போய்விட்டார். 'கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கலாம். அத்தான் பக்கத்திலேயே நின்றதால் நான் வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

உறுத்தக் காரணம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு 60 வயது கடந்தவர் எழுதிக் கொடுத்த சொத்தை, பிள்ளை கைவிட்டால் ரத்து செய்ய அதன் 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியரிடம்) மனு கொடுக்க வேண்டும். ஆனால் அந்த நிபந்தனை பத்திரத்தில் இருந்தாக வேண்டுமா?

2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனையோடு எழுதிக் கொடுத்ததாக நிரூபித்தால்தான் ரத்து என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், அந்த நோக்கத்தோடுதான் படிக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. (அங்கே மகன் தனியாக ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தார்.) அப்புறம் 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினம் வழக்கு ஒன்றில் இன்னும் ஒரு படி மேலே போனது. அன்பின் பேரில் எழுதிக் கொடுத்தாலே, பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அதற்குள் இருக்கிறது, தனியாக எழுத வேண்டியதில்லை என்றது.

இந்தத் தீர்ப்பின் மேல் வக்கீல்கள் சிலருக்கு வருத்தம். பதிவான பத்திரத்துக்கே உத்தரவாதம் இல்லையென்றால் பிள்ளையிடம் வாங்குகிறவர் எதை நம்புவார் என்று கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனாலும் நான் தீர்ப்பின் பக்கம். பெற்ற பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு, "எனக்குச் சோறு போடுவேன் என்று எழுது" என எந்தத் தாய் கேட்பாள்? கேட்காத அந்தக் கூச்சத்தையே அவளுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்வது எப்படி நீதியாகும்?

அதற்காகத் தீர்ப்பை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். நாளைக்கு வேறொரு அமர்வு வேறு மாதிரி சொல்லலாம். நிபந்தனையில்லாத செட்டில்மெண்டை எழுதிக் கொடுத்தவர் தானே போய் ரத்துப் பத்திரம் பதிய முடியாது என்றும் 2022-இல் உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லியிருக்கிறது. ஆக, எழுதும்போதே எழுதிவிடுங்கள்: சாப்பாடு, மருந்துச் செலவு, இருக்க இடம் தர வேண்டும், தவறினால் 23-ஆம் பிரிவின்படி ரத்து என்று. கூடவே, ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை, வாடகை வந்தால் அதை வாங்கும் உரிமை. இதற்குக் கூடுதல் செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது. அம்மா கேட்கமாட்டார். பிள்ளைகள் நாமே முன்வந்து, "அந்த வரியைச் சேருங்க" என்று பத்திரம் எழுதுபவரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் சித்தப்பா எழுதப் போகிறார். பதிவுக்கு முன்னால் வரைவை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.