இரண்டு இருக்கைக்காக ஒரு காலைப்பொழுது

“ஆள் சேர்ந்ததும் வண்டி கிளம்பும்” என்று இனி எந்த நாட்டில் எந்த மொழியில் யார் சொன்னாலும், என் முதுகிலிருக்கும் பதினான்கு கிலோ மூட்டையை அவர் காலடியில் போட்டுவிட்டு நடந்தே போய்விடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.

மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில், மித்லா என்ற ஊரிலிருந்து, மலைமேல் ஊற்றுநீர்க் குளங்கள் இருக்கும் இயெர்வே எல் அகுவாவுக்குக் கமியொனேத்தாவில் போனவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. பிக்கப் வண்டியின் பின்புறம் ஒரு கூரை, எதிரெதிரே இரண்டு பலகை, எட்டுப் பேர் சேராமல் சாவியைத் தொடாத ஓட்டுநர். கூட்டம் வருமுன் போய்ச் சேர வேண்டுமென்று பல்கூடத் துலக்காமல் ஓடிவந்த நாங்கள் நால்வரும் எட்டரை மணிக்கு ஏறி அமர்ந்தோம். எப்போது கிளம்பும் என்று கேட்டேன். “அஓரித்தா” என்றார்.

‘அஓரா’ என்றால் இப்போது. அதையே செல்லமாகச் சிறிதாக்கி ‘அஓரித்தா’ என்று சொன்னால் இப்போதைக்கும் முன்னால் என்றுதானே பொருள் வரவேண்டும்? மெக்சிகோவில் அது ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், அந்தி மயங்கும் நேரமாகவும் இருக்கலாம், ‘நடக்காது’ என்பதை மனம் நோகாமல் சொல்லும் வழியாகவும் இருக்கலாம். குளிக்கப் போகும்போதே “இதோ வந்துட்டேன்” என்று குரல் கொடுக்கும் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது உடனே புரிந்திருக்க வேண்டும்.

ஒன்பது மணிக்கு ஓர் இளம் ஜோடி ஏறியது, ஆறு பேர். மீதி இரண்டு இருக்கைக்கும் காசு கொடுத்தால் இந்த நொடியே கிளம்பலாம் என்று ஓட்டுநரே இறங்கி வந்து சொன்னார். ஆளுக்குச் சில பெசோக்கள்தாம். ஆனால் எங்கள் குழுவின் நிதியமைச்சர், குடித்த தண்ணீரைக்கூட நான்காக வகுத்துக் கைபேசியில் ஏற்றும் அந்த உத்தமர், “காலி இருக்கைக்கு யாராவது காசு கொடுப்பார்களா? பத்தே நிமிடத்தில் இரண்டு பேர் வருவார்கள், பார்” என்றார்.

பார்த்தேன். கூடையோடு ஒரு பாட்டி ஏறினார், ஏழு. நிதியமைச்சர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அந்தப் புருவம் இறங்குவதற்குள் பொறுமையிழந்த ஜோடி இறங்கி, டாக்சி பிடித்துப் போயே விட்டது, ஐந்து. சற்று நேரத்தில் கூடையிலிருந்த சோளரொட்டிப் பொதியை ஓட்டுநரிடம் நீட்டி, ஊர்க்கதை பேசி முடித்து, பாட்டியும் இறங்கி நடந்தார். அவர் பயணம் செய்ய வரவே இல்லை, சாப்பாடு கொடுக்க வந்தவர். ஆக, ஒன்றேகால் மணி நேரம் உழைத்து, நான்கிலிருந்து நான்குக்கு வந்து சேர்ந்திருந்தோம்.

பத்தரை மணிக்கு வெளிநாட்டுக்காரர்கள் நால்வர் ஒரே மூச்சில் வந்து ஏறினார்கள். எட்டு! ஓட்டுநர் எஞ்சினை உறும விட்டார், எனக்குக் கண்ணீர் வராத குறை. அப்போதுதான் கவனித்தேன்: நாங்கள் மூவர்தான் இருக்கிறோம். “எப்படியும் நேரமிருக்கிறதே” என்று நிதியமைச்சர் மித்லாவின் புராதன மண்டபங்களைப் பார்க்கப் போயிருந்தார். சாந்தே பூசாமல் சிறுசிறு கற்களைச் செதுக்கிப் பொருத்திய அந்தச் சுவர் வேலைப்பாடு அற்புதமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிற்பிகளின் பொறுமை முழுவதையும் நான் அந்தப் பலகையில் உட்கார்ந்து செலவழித்துவிட்டேன். அவர் வரும்வரை புதியவர்கள் நால்வரும் எங்களை முறைக்க, எப்போது வருவார் என்று ஓட்டுநர் கேட்க, என் வாயிலிருந்து தானாக வந்த சொல் எது என்று சொல்லவும் வேண்டுமா?

போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில், சுற்றுலா வேன்களின் வரிசை, ஊற்றுநீர்க் குளத்தில் கால் வைக்க இடமில்லை. தாதுப்பு நிறைந்த நீர் மலை விளிம்பில் வழிந்து வழிந்தே கல்லாகப் படிந்து அருவி போல நிற்கிறது. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயினவாம். எங்கள் வண்டி நின்ற நேரத்தில் இன்னும் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கும்.

அன்றிரவு கைபேசிக் கணக்கில் ‘மிச்சம்: இரண்டு இருக்கை’ என்று ஒரு வரி இருந்தது. சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய? அதற்குக் கீழே, த்லாயூதா என்ற பெரிய சோளரொட்டி, நான்கில் ஒரு பங்கு, என் பெயரில். இறைச்சி வேண்டாமென்று மூன்று முறை சொல்லி வாங்கிய அந்த ரொட்டியின்மேல் முதலில் பன்றிக்கொழுப்பைத் தடவித்தான் தருவார்கள் என்பது நிதியமைச்சருக்கு முன்பே தெரியுமாம், நான் கேட்கவில்லையாம்.