பிரமிடைக் கட்டியவர்கள் மனிதர்கள்தான்

எகிப்தின் பிரமிடுகளை வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்று சொல்லும் அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் பதிவுக்குக் கீழேயே வந்து, "செம்பு உளியை வைத்துக்கொண்டு இதை எவன் கட்டுவான்? வேற்றுக்கிரகவாசிகள்தான்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். மனசு கேட்கவில்லை.

கட்டியவர்கள் எகிப்தியர்கள். வேலை செய்து, ரொட்டி தின்று, எலும்பு முறிந்த மனிதர்கள்.

கீசாவில், குஃபு என்ற ராஜாவுக்குக் கட்டிய பெரிய பிரமிடுக்குத் தெற்கே, கல் வெட்டிய பள்ளம் இன்றும் கிடக்கிறது. உள்ளே அடுக்கிய சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி அங்கேயே வெட்டியது. வெளியே பதித்த வெள்ளைக்கல், நைலின் அக்கரையில் உள்ள துராவிலிருந்து படகில் வந்தது. அப்படிக் கொண்டுவந்த மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு 2013-ல் செங்கடல் கரையோரம் வாடி அல் ஜர்ஃபில் கிடைத்தது. இன்று கல் ஏற்றினோம், இரவு இங்கே தங்கினோம் என்று எழுதி வைத்திருக்கிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"அப்போ கிரானைட்?" சரி, நியாயமான கேள்வி. அது சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே அஸ்வானிலிருந்து ஆற்றில் வந்தது. டோலரைட் என்ற கடினமான கல் உருண்டைகளால் இடித்து இடித்தே பாறையைப் பெயர்த்தார்கள். செம்பு ரம்பத்துக்குக் கீழே மணலைப் போட்டு இழுத்தார்கள். கல்லை அறுப்பது அந்த மணல். மேலே ஏற்றிய சரிவுப்பாதை எப்படி இருந்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். மனிதன் ஏற்றினான் என்பதில் அவர்களுக்குச் சண்டை இல்லை.

என் அப்பா கல் உடைக்கிற வேலை பார்த்தவர். சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஒவ்வோர் அடிக்கும் உளியைக் கொஞ்சம் திருப்புவார். திருப்பாவிட்டால் குழிக்குள் சிக்கிக்கொள்ளும். அவர் கல் உடைத்துக் கொடுத்த கட்டடத்தின் திறப்பு விழாவுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. கைவேலை செய்பவனுக்கு அறிவு கிடையாது என்று நினைக்கிறவர்களுக்குத்தான் வானத்திலிருந்து ஆள் இறங்க வேண்டியிருக்கிறது.

"பொழுதுபோக்குதானே, ஏன் இவ்வளவு கோபம்?" என்பீர்கள். உங்கள் வீட்டு உழைப்பை இன்னொருவன் பெயரில் எழுதினால் பொழுது போகுமா?

"அடிமைகள்தானே" என்பவர்களுக்கும் ஒன்று. 1990-லிருந்து பிரமிடுக்குப் பக்கத்திலேயே தொழிலாளர் கல்லறைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கட்டுப்போட்டுக் கூடிய எலும்புகள் அங்கே இருக்கின்றன. கட்டாய வேலையாகவே இருந்திருக்கட்டும், கவனிக்க ஆள் இருந்திருக்கிறது. பிரமிடுக்குள்ளே ராஜாவின் அறைக்கு மேலே, யாரும் பார்க்க முடியாத இடத்தில், "குஃபுவின் நண்பர்கள்" என்று தங்கள் குழுவின் பெயரைச் சிவப்புச் சாயத்தில் எழுதியிருக்கிறார்கள்.

ஆசிரிய நண்பர்களே, வகுப்பில் காட்டுவதானால் மெரெரின் நாட்குறிப்பைக் காட்டுங்கள். படங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன.