எதுக்கெடுத்தாலும் ஃப்ரெஷ்ஷா?

கடையில எந்த பாக்கெட்ட எடுத்தாலும் ஃப்ரெஷ் ஃப்ரெஷ்னு போட்டிருக்கான், பத்திக்கிட்டு வருது. ஆறு மாசம் கெடாம நிக்கிற ஜூஸ் எப்படிங்க ஃப்ரெஷ் ஆகும்? காலைல பறிச்ச கீரை ஃப்ரெஷ், ஒத்துக்கறேன். பவுடர் கலக்கின மோர்? ஃப்ரீசர்ல கல்லா கெடக்கிற பரோட்டா? கழுவி, தோலுரிச்சு, நறுக்கி, குளிர வைக்கிற மாதிரி வேலையத் தாண்டி பதப்படுத்தினதுக்கு அந்த வார்த்தையே போடக்கூடாதுன்னு நாட்டோட உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018லயே விதி போட்டாச்சு. ஆனா பிராண்ட் பேருக்குள்ளயே ஃப்ரெஷ்னு வச்சிட்டா, இது வெறும் பேருதான், பொருளோட உண்மையான தன்மை இல்லன்னு ஒரு வரி சேர்த்தா போதுமாம்! பேரு கொட்டை எழுத்துல, அந்த வரி எறும்பு மாதிரி. நம்பி புள்ளைங்களுக்கு வாங்கிட்டு போறவங்க அதையா தேடிப் படிப்பாங்க?