தூத்துக்குடிக்குத் தெற்கே யாரு இருக்கா?

“பாசி வளர்ப்பு நம்ம கடக்கரைக்கும் வந்தா பொம்பளையாளுக கையில நாலு காசு பொழங்கும்லா, அதை ஏன் அண்ணாச்சி எதிர்க்கீய?” என்று உவரியில் ஒரு தம்பி கேட்டான். பாசியோடு எனக்கு என்ன பகை? கப்பாபைகஸ் என்ற அந்த ஒரு பாசியைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்துச் சரக்கு அது. ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊருக்கு ஆய்வுக்காக வந்தது. 2000 வாக்கில் பெப்சி நிறுவனம் வியாபாரத்துக்கு வளர்க்க வைத்ததால், ராமநாதபுரம் பக்கம் அதற்கு ‘பெப்சி பாசி’ என்றே பெயர். மூங்கில் மிதவையில் துண்டு துண்டாகக் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் சேர்க்கிற காராஜீனன் என்ற பசைப்பொருளை இதில்தான் எடுக்கிறார்கள். அங்கே பெண்கள் சம்பாதித்ததை நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்தப் பாசி பரவ விதையே தேவையில்லை. கயிற்றிலிருந்து அறுந்த ஒரு துண்டு நீவாட்டில் (கடல் நீரோட்டத்தில்) போய்ப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) சிக்கினால் போதும், அங்கேயே தழைத்துவிடும். குருசடைத் தீவில் பவளத்தின் மேல் இது படர்ந்து கிடந்தது 2008-இல் வெளியே வந்தது. வெயில் படாமல் போர்த்திக்கொண்டால் பவளம் பிழைக்காது. ஆள் இறக்கிக் கையால் பிய்த்தார்கள். ஒட்டியிருந்த துணுக்கிலிருந்து திரும்பவும் முளைத்தது.

இப்போது நம்ம கதைக்கு வாங்க. 2005-இல் வந்த அரசாணை, இந்தப் பாசியைப் பாக் விரிகுடாவுக்கு வடக்கேயும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் வளர்க்கலாம் என்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளைக் காப்பாற்றப் போட்டதுதான், நல்ல காரியம். தூத்துக்குடிக்குத் தெற்கே யாரு இருக்கா? மணப்பாடு, பெரியதாழை, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை. தேசியப் பூங்கா என்று பலகை நடாத கடலில் பாரே கிடையாதா? சிங்கி இறாலும் கலவாவும் அந்தப் பாரை நம்பித்தானே கிடக்கு!

அதுவும் கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாசத்தில் நம்ம கடலில் மூங்கில் மிதவை நிக்குமா? வள்ளத்தையே கரையில் ஏத்திப் போட்டிருப்போம். மிதவை உடைந்தால் எத்தனை துண்டு எந்தப் பாருக்குப் போகும் என்று எவன் கணக்கெடுப்பான்?

எண்ணூரில் காக்கா ஆழி அடித்தரையை மூடி இறால் பாடு படுத்துப்போனதைப் பார்த்தோம். தென்னமெரிக்கச் சிப்பி. அது யாரும் கூப்பிடாமல் வந்தது. இதை நாமே மானியம் கொடுத்து அழைக்கப் போகிறோமா?

பாசிதான் வேண்டும் என்றால் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி எல்லாம் இந்தக் கடலிலேயே விளைகிறது. கப்பாபைகஸ் வேகத்துக்கு வளராது, ஒத்துக்கொள்கிறேன். அந்த மானியத்தை இதற்குக் கொடுத்து, நியாயமான விலைக்கு எடுக்கட்டும்.

மிதவை இறக்கணும் என்று யாராவது ஊர்க் கமிட்டிக்கு வந்தால் ஒன்று கேளுங்க: பாரில் ஏறின பாசியைப் பிய்க்கிற செலவு யாருக்கு? பதிலை எழுத்தில் வாங்கிக்கிடுங்க.