தண்ணீர் போகும் வழியிலேயே சைக்கிளில் போங்கள்

நெதர்லாந்துக்கு வருகிற நண்பர்கள் "காற்றாலை பார்க்கணும், எங்கே போகலாம்?" என்று கேட்டால் நான் கிண்டர்டைக் என்றுதான் சொல்வேன். எல்லோரும் சொல்வதும் அதைத்தான். ஆனால் கூடவே இன்னொன்றும் சொல்வேன்: பேருந்தில் போய் நேராக அங்கே இறங்காதீர்கள். உத்ரெக்ட் நகரில் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுங்கள், ஆற்றைப் பிடித்துக்கொண்டே போங்கள், இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். உடனே வரும் கேள்வி: "மலை இல்லை, மேடு இல்லை, வெறும் தட்டையான புல்வெளி. ரெண்டு நாள் மிதிச்சா போரடிக்காதா?"

அடிக்காது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்த நாட்டைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் அந்தத் தட்டை நிலம். தூரத்திலிருந்து பார்த்தால்தான் அது தட்டை. லெக் ஆற்றின் கரைமேல் ஏறி நின்று பாருங்கள். ஒரு பக்கம் அகலமான ஆறு, சரக்குப் படகுகள் போய்க்கொண்டிருக்கும். மறுபக்கம் கரைக்குக் கீழே வீடுகள்; அவற்றின் கூரை உங்கள் கால்மட்டத்தில் இருக்கும். ஆற்றுநீரின் மட்டத்தையும் அந்த வீடுகளுக்குப் பின்னால் மாடு மேயும் புல்வெளியின் மட்டத்தையும் கண்ணாலேயே அளந்து பார்த்தால், ஆறுதான் மேலே ஓடுகிறது என்பது புரியும். முதல் முறை பார்க்கும்போது வயிற்றில் ஏதோ செய்யும். புல்வெளியில் நேர்க்கோடுகளாக ஓடும் வாய்க்கால்களில் ஒரு மட்டத்தில் தண்ணீர், அவை போய்ச் சேரும் பெரிய கால்வாயில் இன்னொரு மட்டம், ஆற்றில் வேறொரு மட்டம். காரில் போனால் இது தெரியவே தெரியாது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், உயரமான கரையின் மேல் போகிறவருக்குத்தான் தெரியும்.

இந்த நிலம் இப்படித் தாழ்ந்துபோனதற்கு ஒரு கதை உண்டு. இந்தப் பகுதியெல்லாம் ஒரு காலத்தில் செடிகொடி மக்கிச் சேர்ந்த சதுப்பு நிலம். விவசாயம் செய்ய வந்தவர்கள் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். வடிந்ததும் அந்த மண் காற்றுப்பட்டுச் சிதைந்து சுருங்கியது, நிலம் இறங்கியது. நிலம் இறங்க இறங்க, தானாக ஆற்றுக்கு ஓடிய தண்ணீர் ஓடாமல் நின்றுவிட்டது. அப்புறம் அதை யாராவது தூக்கி ஊற்றியாக வேண்டுமே! காற்றாலை வந்தது அதற்காகத்தான். கிண்டர்டைக்கில் இருப்பவை மாவு அரைத்த ஆலைகள் இல்லை, தண்ணீர் இறைத்தவை. நம் ஏற்றம் செய்த அதே வேலைதான், மாட்டுக்குப் பதிலாகக் காற்று.

அங்கே மொத்தம் 19 காற்றாலைகள். அவற்றில் கால்வாயின் ஒரு பக்கம் வட்டமான செங்கல் ஆலைகள் எட்டு, 1738-இல் கட்டியவை. எதிர்ப்பக்கம் நாணல் வேய்ந்த எண்கோண ஆலைகள் எட்டு, 1740-இல் கட்டியவை. இந்த இரண்டு வரிசையும் இரண்டு தனித்தனி நீர் நிர்வாகங்களுக்குச் சொந்தமாக இருந்தன; இரண்டும் தங்கள் தங்கள் பகுதித் தண்ணீரை இங்கே கொண்டுவந்தன. வயல் வாய்க்கால்களிலிருந்து தாழ்வான தேக்கத்துக்கு வந்த தண்ணீரை, ஆலைக்குள் சுழலும் துடுப்புச் சக்கரம் உயரமான தேக்கத்துக்கு ஏற்றும். அங்கே அது காத்திருக்கும். ஆற்றில் மட்டம் இறங்கும் நேரம் பார்த்து மதகைத் திறந்து விடுவார்கள். அப்படி ஒரு சக்கரத்தால் தண்ணீரை ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத்தான் தூக்க முடியும். அதனால்தான் ஆழமான போல்டர்களில், அதாவது கரை கட்டித் தண்ணீரை வடித்த தாழ்நிலங்களில், படிப்படியாக மூன்று நான்கு ஆலைகளை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தினார்கள்.

1868-இல் நீராவி எந்திரம் வந்தது, பிறகு டீசல், மின்சாரம். ஆனாலும் இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இந்தப் பழைய ஆலைகளைத்தான் மறுபடி ஓடவிட்டு நிலத்தைக் காப்பாற்றினார்கள். 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்றைக்கும் அதே இடத்தில் பெரிய திருகுக் குழாய்கள் தண்ணீரை மேலேற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. பேருந்தில் வருகிறவர்கள் ஆலைகளைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மேலிருந்து சைக்கிளில் வருகிறவர், தான் கடந்துவந்த வாய்க்கால் தண்ணீரெல்லாம் எங்கே வந்து சேர்கிறது என்று அங்கே பார்ப்பார். நான் "ஆற்றைப் பிடித்துக்கொண்டு போங்கள்" என்று அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

சரி, பாதை. உத்ரெக்டிலிருந்து குரோம ரைன் என்ற சின்ன ஆற்றோடு கிளம்புங்கள். இன்றைக்கு ஒரு ஓடை போல நெளிந்து போகிற இதுதான் ஒரு காலத்தில் ரைன் நதியின் பிரதான கிளை. ரோமப் பேரரசின் வட எல்லை இதன் கரையில்தான் இருந்தது. 1122-இல் வைக் பை டூர்ஸ்டேட ஊரில் அணை போட்டு அடைத்தார்கள். அதோடு இது சுருங்கிவிட்டது, தண்ணீர் முழுவதும் லெக் வழியாகப் போனது. குரோம ரைன் ஓரமாகப் பழைய காலத்தில் படகை இழுத்துக்கொண்டு குதிரை நடந்த பாதை இருக்கிறது. குதிரை நடக்க வேண்டும், கயிறு எதிலும் மாட்டக்கூடாது என்பதற்காக ஆற்றை ஒட்டியே, ஏற்ற இறக்கம் இல்லாமல் போட்ட பாதை. சைக்கிளுக்கு இதைவிட என்ன வேண்டும்? புன்னிக் ஊர்ப்பக்கம் வரை மரநிழல், அப்புறம் பழத்தோட்டங்கள். ஏப்ரல் கடைசியில் போனால் ஆப்பிளும் பேரியும் பூத்திருக்கும்.

வைக் பை டூர்ஸ்டேட ஊரில் பழைய நகரவாயிலின் மேலேயே ஒரு காற்றாலை நிற்கிறது. அதன் அடியில் புகுந்துதான் தெரு போகிறது. சைக்கிளை நிறுத்தாமலே ஒரு காற்றாலைக்குள் நுழைந்து வெளியே வரலாம். அங்கிருந்து லெக். ஹாகஸ்டைன் பக்கத்தில் ஆற்றின் குறுக்கே இரண்டு பெரிய வளைவுகள் தெரியும். அது தடுப்பணை, வளைந்த அந்தக் கதவுகளைத் தூக்கி இறக்கி நீர்மட்டத்தை வைத்திருக்கிறார்கள். ஸ்கோன்ஹோவன் ஊரில் படகுத்துறை. சைக்கிளோடு படகில் ஏறித் தென்கரைக்குப் போனால் நீவ்போர்ட், பிறகு கிண்டர்டைக் வரை சுமார் 20 கிலோமீட்டர். பாலம் ஒன்றைத் தேடிச் சுற்றுவதைவிட இந்தப் படகுகள் எவ்வளவோ மேல். ஐந்து நிமிடம் ஆற்றின் நடுவில் நிற்கலாம், காலுக்கும் ஓய்வு.

வாகனமே இல்லாத பாதையா என்றால், முழுக்க இல்லை என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். விளம்பரங்களில் காட்டுகிற அந்த ஆற்றங்கரைச் சாலையின் உச்சியில் பல இடங்களில் கார்களுக்கும் அனுமதி உண்டு. வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாக வரும். அந்தச் சத்தத்தில் ஆறும் தெரியாது, பறவையும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் கரையை விட்டுக் கீழே இறங்கிவிடுங்கள். போல்டருக்குள் வாய்க்கால் ஓரமாகப் போகும் ஒற்றைப் பாதைகளில் சைக்கிளும் நடப்பவர்களும்தான். நீல வட்டத்தில் வெள்ளை சைக்கிள் போட்ட பலகை இருந்தால் அது சைக்கிள் பாதை, கார் வராது. மஞ்சள் எண்பலகை கொண்ட மொபெட்டும் அதில் வரக்கூடாது.

வழி தவறும் என்று பயமே வேண்டாம். பாதைகள் சந்திக்கும் இடத்திலெல்லாம் ஒரு எண் இருக்கும். போக வேண்டிய எண்களை வரிசையாக ஒரு சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும். 34 வந்தால் அடுத்து 61-க்கு அம்பு காட்டும். கைபேசியைப் பையில் போட்டுவிடலாம். பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் 1995-இல் இது தொடங்கியது. யோசனை ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளருடையது. பிறகு நெதர்லாந்து முழுக்கப் பரவிவிட்டது. செயலி சொல்கிற வழி எப்போதும் குறுக்குவழியாக இருக்கும். இந்த எண்கள் அழகான வழியில் கூட்டிப்போகும். அதனால் என் ஓட்டு எண்களுக்குத்தான்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். "அவங்க ஊர் தட்டை, அதனால சைக்கிள் ஓட்டுறாங்க" என்று சொல்லிவிட்டுப் போவது. 1971-இல் இந்த நாட்டில் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் செத்தார்கள். அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். அப்போதும் நிலம் தட்டையாகத்தான் இருந்தது. பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள், 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரில் இயக்கம் நடத்தினார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. காலியான நெடுஞ்சாலையில் ஜனங்கள் நடந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை போடுவது அரசின் வேலையாக மாறியது. நாம் இன்று அனுபவிக்கும் அமைதியை யாரோ சண்டை போட்டு வாங்கியிருக்கிறார்கள். அதைப் பராமரிக்க இன்றும் வரி கட்டுகிறார்கள். தண்ணீருக்கும் இதே கதைதான்: நீரை நிர்வகிப்பதற்கென்றே இங்கே 21 நீர் வாரியங்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தனித் தேர்தல், தனி வரி. அவற்றில் சில 13-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியவை.

காற்றாலைகளும் அப்படித்தான், தானாக நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே 10,000 வரை இருந்தனவாம். இன்று மீதி சுமார் ஆயிரம். அவற்றை ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அவர்களுக்கு 1972 முதல் ஒரு சங்கம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, தேர்வும் இருக்கிறது. 2017-இல் ஆலை ஓட்டும் இந்தக் கைத்தொழிலையே யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. வழியில் ஒரு ஆலையில் நீலக் கொடி பறந்தால் உள்ளே வரலாம் என்று அர்த்தம். தயவுசெய்து கடந்து போய்விடாதீர்கள். உள்ளே போனால் முதலில் மூக்கில் ஏறுவது பழைய மரத்தின் வாசனையும் பல்சக்கரத்துக்குத் தடவும் தேன்மெழுகின் வாசனையும். கிண்டர்டைக்கின் நாணல் வேய்ந்த ஆலைகளில் இறக்கையின் நுனி தரையிலிருந்து ஒரு முழத்துக்கும் கீழே வரும். அதனால் அந்த ஆலைகளுக்கு எதிரெதிராக இரண்டு வாசல் வைத்திருக்கிறார்கள். இறக்கை சுழலும் பக்கத்துக் கதவைப் பூட்டிவிட்டு அடுத்ததில் போய்வருவார்கள். பின்னால் நீண்டிருக்கும் வால்மரத்தைச் சக்கரத்தால் சுற்றி இழுத்துத்தான் தலைப்பகுதியைக் காற்றுக்கு நேராகத் திருப்புகிறார்கள். ஆள் தன் உடம்பு எடையையே போட்டு அதை மிதித்துத் திருப்புவதைப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய உழைப்பு என்று தெரியும்.

நிற்கும் இறக்கைகளுக்கும் மொழி இருக்கிறது. மேல் இறக்கை உச்சியை எட்டுவதற்குச் சற்று முன் நின்றால் வீட்டில் கல்யாணம், குழந்தைப்பேறு மாதிரி சந்தோஷம். உச்சியைக் கடந்து சற்றுச் சாய்ந்து நின்றால் துக்கம். 2014 ஜூலையில், நெதர்லாந்துக்காரர்கள் பலர் பயணித்த எம்எச்17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபோது நாடு முழுக்கப் பல ஆலைகள் துக்க நிலையில் நின்றன.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. காற்றாலையைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, அதற்கு வரும் காற்றையும் காப்பாற்ற வேண்டும். ஆலையைச் சுற்றி 100 மீட்டருக்குள் இறக்கையின் கீழ்நுனியைவிட உயரமாக மரமோ கட்டடமோ வரக்கூடாது, அதற்கப்பால் தூரத்துக்கேற்ப உயரம் கூடலாம் என்பது இங்கே பொதுவான அளவுகோல். வீட்டுத் தட்டுப்பாடு கடுமையாக இருக்கும் நாட்டில் இதைக் கைவிடச் சொல்லும் குரல்கள் எழாமல் இருக்காது. விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே என் கட்சி. ஓடாத ஆலை சீக்கிரமே பூச்சி அரித்துப் போகும்.

கிண்டர்டைக்குக்கு மதியம் போய்ச் சேராதீர்கள், கூட்டம் தாங்காது. ஸ்கோன்ஹோவனில் இரவு தங்கிவிட்டுக் காலையிலேயே கிளம்புங்கள். ஆலைகளுக்கு நடுவே போகும் பாதையில் நடக்கவோ சைக்கிள் ஓட்டவோ காசு இல்லை. அருங்காட்சியகமாக வைத்திருக்கும் ஆலைகளுக்குள் போக மட்டும்தான் சீட்டு. வாங்குங்கள், பராமரிப்புக்குப் போகிற காசு அது. பல ஆலைகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன, சன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

கடைசியாகக் காற்று. மலை இல்லாத ஊரில் காற்றுதான் மலை. இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். நான் சொன்ன பாதை பெரும்பாலும் மேற்கே போகிறது, ஆக எதிர்க்காற்று கிடைக்க நிறைய வாய்ப்பு. முந்தைய நாள் இரவே வானிலை பார்த்துவிடுங்கள். காற்று பலமாக இருக்கும் என்று தெரிந்தால் வழியைத் திருப்பிப் போட்டுவிடுங்கள்: ராட்டர்டாமிலிருந்து நீர்ப்பேருந்தில் சைக்கிளோடு கிண்டர்டைக் போய் இறங்கி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு உத்ரெக்ட் வரலாம். தண்ணீர் போகும் திசைக்கு எதிராகப் படிப்பதுபோல் ஆகிவிடும், பரவாயில்லை. ரயிலில் சைக்கிளை ஏற்றுவதானால் பொதுவாக வார நாட்களில் காலை 6.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் அனுமதி இல்லை. சைக்கிளுக்குத் தனிச் சீட்டும் எடுக்க வேண்டும்.