அந்தக் கட்டுரையில் அவள் பெயர் எங்கே?

போன வாரம் பாளையங்கோட்டைக் கருத்தரங்கில் நடந்தது இதுதான்: பீடி சுற்றும் பெண்களைப் பற்றி ஒரு பிஎச்.டி. மாணவி தரவு சேகரித்து எழுதியது, சிறப்பிதழில் அவளுடைய கைடு (ஆய்வு வழிகாட்டி) பெயரில் மட்டும் கட்டுரையாக வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் அங்கேயே எழுந்தாள். "சார், என் பேரு எங்க சார்?" இவ்வளவுதான் கேட்டாள். "கைடு பேரு இருக்குல்லா, போதும்மா" என்று பதில் வந்தது.

போதாது. வேலை செய்தவள் பெயர் இருக்க வேண்டும்.

"இது சின்ன விஷயம், பெரிசாக்காதீங்க" என்று நேற்றிலிருந்து எனக்கு அறிவுரை வந்துகொண்டே இருக்கிறது. சரி, கணக்குப் பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி, ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் பார்க்கிற கணக்கில், சமூக அறிவியலில் ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றுக்கு 10 புள்ளி. இரண்டு பேர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். அவள் பெயரைச் சேர்த்திருந்தாலும் கைடுக்கு 7 கிடைத்திருக்கும். மிச்சம் 3 புள்ளிக்காகத்தான் முக்கூடலுக்கும் மேலப்பாளையத்துக்கும் பஸ் ஏறி, பீடி சுற்றுகிற பெண்களோடு திண்ணை திண்ணையாக உட்கார்ந்து அவள் எழுதி வந்ததெல்லாம் வேறொருவருடையதாக ஆகிவிட்டதா?

இதைவிடக் கொடுமை இனிமேல்தான் இருக்கிறது. அதே தரவை அவள் தீசிஸில் (பிஎச்.டி. ஆய்வேட்டில்) எழுதியாக வேண்டும். காப்பி அடித்ததைக் கண்டுபிடிக்கிற மென்பொருளில் போட்டால் அந்த அத்தியாயம் அச்சில் வந்துவிட்ட கட்டுரையோடு ஒத்துப்போகும். ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தி மறுபடி கொடு என்பார்கள். தன் உழைப்பையே திருடியவள் என்று அவள் நிற்க வேண்டும். மென்பொருளுக்கு வாக்கியம்தான் தெரியும், அதை முதலில் எழுதியது யார் என்று தெரியாது.

"யோசனை கைடுடையதுதானே?" என்கிறார்கள். இருக்கட்டும், அவர் பெயரும் இருக்கட்டும். அவளுடையதை ஏன் எடுக்க வேண்டும்? மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு, பொதுவான மேற்பார்வை மட்டும் செய்தவர் ஆசிரியர் ஆக முடியாது என்றே எழுதி வைத்திருக்கிறது. நம் துறையில் மேற்பார்வை செய்தவர் மட்டுமே ஆசிரியர் ஆகிவிடுகிறார்.

"துறைக்குள்ளேயே பேசியிருக்கலாமே?" யாரிடம் பேசுவது? பிஎச்.டி. மாணவி ஒவ்வொரு பருவத்திலும் நிற்க வேண்டிய ஆய்வு ஆலோசனைக் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளரே கைடுதான். அவரைப் பற்றி அவரிடமே போய் முறையிடுவதா?

"குருவை மதிக்கணும்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கைடு வீட்டுக்குக் கரண்ட் பில் கட்டப் போனதும், வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வந்தவருக்கு அல்வா வாங்கிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டதும் மரியாதை என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். செய்தோம்.

ராதாபுரம் பக்கம் பனையேறிகளைப் பற்றித் தரவு சேகரித்தவள் நான். காலையிலும் சாயங்காலமும் மரத்தில் இருப்பார்கள், உச்சி வெயிலில்தான் பேசக் கிடைப்பார்கள். அப்படி வாங்கி வந்த அட்டவணைகளை, எனக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் பெயரில் ஒரு தொகுப்பில் பார்த்தேன். நான் கேட்கவில்லை, கேட்கிற தைரியம் அன்றைக்கு எங்களில் யாருக்கும் இருந்ததில்லை. இவள் கேட்டிருக்கிறாள், அதுவும் மைக் இல்லாமல், அத்தனை பேர் முன்னால். அதற்கு "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அடக்கம் இல்லை" என்று எழுதுகிறீர்களே, அவளுடைய நாலு அட்டவணையைப் படித்துப் பார்த்தீர்களா?

அப்புறம் அந்தப் பீடி சுற்றும் பெண்கள். கட்டுரை முழுக்க அவர்கள் வாழ்க்கைதான். முக்கூடலில் ஒரு அக்கா மடியில் தட்டை வைத்துக்கொண்டே இவளிடம் சொன்னாராம்: "எல்லாரும் வந்து எழுதிட்டுப் போறிய, என்ன எழுதினியன்னு ஒருத்தராவது வந்து சொன்னியளா?" கட்டுரை வந்ததும் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இப்போது எதை எடுத்துக்கொண்டு போவாள்? தன் பெயர் இல்லாத தாளைக் காட்டி, நான்தான் எழுதினேன், நம்புங்கள் அக்கா என்றா?

இதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிவிட்டேன், அவளிடம் கேட்டுவிட்டுத்தான். அடுத்த இதழில் திருத்தம் போட்டு அவள் பெயரை முதலில் சேர்க்க வேண்டும், நான் கேட்டிருப்பது அது ஒன்றுதான். அன்றைக்கு அங்கே இல்லாதவர்கள் அவள் யார், எந்தக் கல்லூரி என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். தீசிஸில் அவள் இன்னும் அவரிடம்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.