முக்கால் கிலோ மா

போன ஞாயிறு அக்கா மகள் கணக்குக் கொப்பியோடு வந்தாள். மஸ்கெலியா மழை, கரண்டும் இல்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்தோம். 2½ ÷ ¾. முக்காலைத் தலைகீழாக்கிப் பெருக்கி 3⅓ என்று மடமடவென எழுதிவிட்டாள். விடை சரி.

"ஏம்மா திருப்பிப் போட்ட?"

"டீச்சர் அப்பிடித்தான் மாமா சொன்னாங்க."

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஏன் என்று கேட்டவனுக்குப் பிரம்பு கிடைத்தது. அர்த்தம் தெரியாமலே சாதாரண தரப் பரீட்சையில் கணக்கும் பாஸ்.

உள்ளே அம்மாயி மா பிசைந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட வாசல் மிதிக்காத மனுசி. "அம்மாயி, மூணு கிலோ மா இருக்கு. ஒரு நாளைக்கு முக்கால் கிலோ. எத்தனை நாளைக்கு வரும்?" என்றேன். "முக்காலும் முக்காலும் ஒண்ணரை, ரெண்டு நாளு. இன்னொரு ஒண்ணரை. நாலு நாளு."

ரெண்டரை கிலோ என்றால்? "மூணு நாளு. கால் கிலோ மிஞ்சும்."

பிள்ளை திகைத்துவிட்டாள். "அப்ப 3¼ தானே மாமா? என் விடை பிழையா?"

இந்த இடத்தில்தான் அரை மணி நேரம் போனது. மிஞ்சியது கால் கிலோ. ஆனால் நாம் கேட்டது கிலோவை அல்ல, நாளை. முக்கால் என்பது மூன்று கால். அதில் ஒரு கால் இருக்கிறது என்றால் ஒரு நாள் பங்கில் மூன்றில் ஒன்று. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். 9 கிலோ என்றால் அரைப் பேர். யாராவது அதை ஒன்பது பேர் என்பார்களா?

பிறகு திருப்பிப் போடும் வித்தை தானாக அவிழ்ந்தது. ரெண்டரை கிலோவைக் கால் கிலோ பைகளாகக் கட்டினால் பத்துப் பை. ஒரு நாளைக்கு மூன்று பை. பத்தை மூன்றால் வகுக்க வேண்டியதுதான். மேலே ஏறிய 4 பை கட்டுகிறது, கீழே இறங்கிய 3 பங்கு வைக்கிறது.

நம் டீச்சர்மாரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 1¾ ÷ ½ என்பதற்கு ஒரு கதைக்கணக்கு சொல்லும்படி அமெரிக்க, சீன ஆசிரியர்களைக் கேட்டிருந்தார். அமெரிக்க ஆசிரியர்களில் பலர் அரையால் வகுப்பதையும் இரண்டால் வகுப்பதையும் குழப்பிக்கொண்டார்கள். நம் ஆட்களுக்கு "ஒண்ணே முக்காலில் எத்தனை அரை?" என்று கேட்டாலே போதும், மூணரை என்று வந்துவிடும். தமிழில் கேள்வியே பாதி வழியைக் காட்டிவிடுகிறது. அதை விட்டுவிட்டு, பின்னத்தைத் தலைகீழாக்கும் 'நிகர்மாற்று' என்று கரும்பலகையில் ஆரம்பிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பரீட்சை மண்டபத்தில் அந்தச் சூத்திரம்தான் கைகொடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது இரண்டாம் நாள் வரட்டும். முதல் நாள் மாவும் தராசும்.

கடைசியாக ஒன்று கேட்டேன். நாலரை கிலோ பச்சைக் கொழுந்துக்குச் சுமார் ஒரு கிலோ தேயிலை, 18 கிலோவுக்கு? விரலை மடக்கினாள். "நாலு. அம்மாயி, உங்க ஒரு பேருக்கு நாலு கிலோ தேத்தூளு!"

அம்மாயி ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "நாலு கிலோ இப்ப கடையில என்ன வெல?" என்றது.